சாலை வளைவுகளும் பாரவண்டிகளும்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு ஜில்லாக்களிலும் விளையும் பொருள்களில் பெரும்பகுதி இக்காலத்தில் மாட்டு வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போவதில்லை. பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் லாரிகளில் போகின்றன. கரும்பு, டிராக்டரின் பின்னே பூட்டிய டிரெய்லர்களில் எறையூர் ஆலைக்கும், கீழப்பழுவூரை அடுத்த சாத்தமங்கலம் ஆலைக்கும் செல்கிறது. ஜயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கங்களின் முந்திரியும் அவ்வாறே. இவை போதாவென்று, அரியலூரைச் சுற்றியுள்ள சுரங்கங்களிலிருந்து சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகளும் அதே சாலைகளில் இரவு பகலாய் ஓடுகின்றன. வண்டி மாறிவிட்டது. சாலையின் வளைவோ அநேக இடங்களில் பழையபடியே இருக்கிறது.

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 11-ஆம் தேதி அரியலூர் ஜில்லா வாரணவாசி அருகில், சமையல் எரிவாயு உருளைகளை ஏற்றி வந்த லாரி ஒன்று சாலைத் திருப்பத்தில் கவிழ்ந்து, உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்த செய்தி யாவரும் அறிந்ததே. அந்த ஒரு விபத்தின் காரணத்தை ஆராய்ந்து சொல்வது அதற்குரிய அதிகாரிகளின் வேலை. ஆயினும், உயரமாய்ப் பாரம் ஏற்றிய வண்டி வளைவில் ஏன் கவிழ்கிறது, அதைத் தடுக்கச் சாலையை எப்படி அமைக்கிறார்கள், அவ்வமைப்புக்குப் பக்கத்து நிலக்காரரின் உதவி ஏன் வேண்டியிருக்கிறது என்பவற்றை, நிலம் உடையவர்களும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம். ஏனெனில் வளைவின் உட்புறத்து நிலம் பெரும்பாலும் ஒரு குடியானவருடையதே. அந்த வளைவில் கரும்பு ஏற்றிப் போகிறவரும் குடியானவரே.

இப்பக்கத்துச் சாலைகள் ஏன் இத்தனை வளைந்திருக்கின்றன என்பதை முதலில் கவனிக்கலாம். பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பெரம்பலூர், உடையார்பாளையம் தாலூகாக்களாயிருந்த இந்நாடு, ஏரிகள் நிறைந்த நாடு. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த பொன்னேரி முதலாகச் சிறிதும் பெரிதுமான ஏரிகளின் கரையைச் சுற்றியே வண்டிப்பாதைகள் போயின. கரை முடிந்தால் வயலின் வரப்பு. வரப்பு முடிந்தால் ஊரெல்லைக் கோயில். பட்டா நிலத்தின் மூலையை வெட்டிக்கொண்டு நேரே போகப் பாதைக்கு உரிமையில்லை; ஆகையால் மூலையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பிற்காலத்தில் அந்தப் பாதைக்கே கல் பரப்பித் தார் ஊற்றினார்கள். மாட்டு வண்டிக்கு இவ்வளைவுகளால் ஒரு குறையும் இருந்ததில்லை. மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும் மாடு எந்த மூலையிலும் திரும்பிவிடும்.

வளைவில் திரும்பும் வண்டிக்கு என்ன நேர்கிறது? சோளக் கொல்லையில் குருவி ஓட்டக் கவண் சுற்றியவருக்கு அது தெரியும். கவணைச் சுழற்றும்போது கல் வெளியே போகவே முயல்கிறது. வாரைப் பிடித்திருக்கும் கைதான் அதை உள்ளே இழுத்து வட்டத்தில் நிறுத்துகிறது. பிடி விட்டால் கல் அந்தக் கணத்தில் எத்திசை நோக்கியிருந்ததோ அத்திசையில் நேரே பறந்துவிடும். சாலை வளைவில் வண்டிதான் கல். டயருக்கும் தார்ப்பரப்புக்கும் இடையேயுள்ள பிடிப்புத்தான் கவணின் வார். வண்டிக்குள் இருப்பவருக்கு இது வெளிப்புறமாய்த் தள்ளும் ஒரு விசைபோலத் தோன்றும். இவ்விசை இரண்டு காரியங்களைப் பொறுத்தது: ஒன்று, வண்டியின் வேகம்; மற்றொன்று, வளைவின் ஆரை. ஆரையாவது, அவ்வளைவை முழு வட்டமாக நீட்டி வரைந்தால் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள தூரம். ஆரை சிறுத்தால் திருப்பம் முடுக்கு. பெருத்தால் திருப்பம் மெல்லியது.

ஆரை பாதியானால் தள்ளல் இரட்டிக்கும். ஆனால் வேகம் இரட்டித்தால் தள்ளல் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 4 கிலோமீட்டர் போன மாட்டு வண்டியின் இடத்தில் 40 கிலோமீட்டர் போகும் லாரி வந்தால் வேகம் பத்து மடங்கு. ஒரே வளைவில் தள்ளலோ, வண்டியின் எடைக்கு எடை பார்த்தால், நூறு மடங்கு. ஏரிக்கரை வளைவுகளின் தொல்லை முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. 30 மீட்டர் ஆரையுள்ள ஒரு கிராமத் திருப்பத்தை எடுத்துக்கொள்வோர், மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு என்று காணலாம். 40 கிலோமீட்டரானால் அது நூற்றுக்கு 42 பங்காகிறது. ஓட்டுகிறவருக்கு அந்தப் பத்துக் கிலோமீட்டர் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை.

இத்தள்ளலை எதிர்க்கச் சாலை அமைப்பவர் செய்யும் முதல் உபாயம், வளைவின் வெளிவிளிம்பை உயர்த்திச் சாலையை உட்புறம் சாய்ப்பது. சாய்ந்த தரையில் வண்டியின் எடையே அதை உள்ளே இழுக்கும்; டயரின் பிடிப்பு சுமக்க வேண்டிய பாரம் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் இந்தியச் சாலைகளில் இச்சாய்வை இஷ்டப்படி ஏற்றிவிட முடியாது. வேகமாய்ப் போகும் மோட்டாருக்கு அநுகூலமான சாய்வு, மெதுவாய்ப் போகும் வைக்கோல் வண்டிக்கு அபாயம். உயர்ந்த பாரம் உட்பக்கம் சரிந்து வண்டியே சாயும். நின்றுவிட்ட லாரிக்கும் அதே கதி.

1927-ல் ஏற்பட்ட ஜயகர் கமிட்டியின் சிபார்சின்பேரில் 1934 டிசம்பரில் அமைந்த இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் பொறியாளர் சபை, இந்நாட்டுச் சாலைகளுக்குரிய விதிகளை வகுத்துவருகிறது. அதன் விதிப்படி, பலவகை வண்டிகள் கலந்து ஓடும் சாலையில், உத்தேசித்த வேகத்தில் நூற்றுக்கு 75 பங்கு வேகத்துக்கு மட்டுமே சாய்வைக் கணக்கிட வேண்டும். அதுவும் சமவெளியில் நூற்றுக்கு 7 பங்குக்கு மேற்படலாகாது. அதாவது 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றைச் சாலையில் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட அதிகமாய்ப் போனால் 26 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்று மேல், உயரலாம். மீதித் தள்ளலை டயரின் பிடிப்பே தாங்க வேண்டும்; அப்பிடிப்பையும் எடையில் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் நம்புவதில்லை. மோட்டார்ச் சாலைக்கென்று எழுதிய கணக்கில் மெல்லப் போகும் வண்டிக்கும் இவ்விதம் இடம் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இவ்விரண்டையும் கூட்டினால் எந்த வேகத்துக்கு எந்த ஆரை வேண்டும் என்பது கிடைத்துவிடும். சமவெளியில் கிராமச் சாலைக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை உத்தேசித்தால் ஆரை 60 மீட்டருக்குக் குறையலாகாது. 50 கிலோமீட்டருக்கு 90 மீட்டர். 80 கிலோமீட்டருக்கு 230 மீட்டரும், தேசிய நெடுஞ்சாலையில் உத்தேசிக்கும் 100 கிலோமீட்டருக்கு 360 மீட்டரும் வேண்டும். மேற்சொன்ன 30 மீட்டர் ஏரிக்கரைத் திருப்பமோ, சாய்வு சரியாய் அமைந்திருந்தாலும், 29 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் தகும்.

சாய்வு சரியாய் அமைந்திருந்தால் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மழைநீர் வடிவதற்காக நேர்ச்சாலையின் நடு முதுகு உயர்ந்தும் இரு ஓரங்களும் தாழ்ந்தும் இருக்கும். பழைய சாலைகளில் இந்த முதுகை வளைவிலும் அப்படியே விட்டுவிட்டார்கள். மேலே மேலே தார் போட்டபோதும் அது மாறவில்லை. அத்தகைய இடத்தில் வெளிப்பக்கமாய்த் திரும்பும் வண்டிக்குச் சாய்வு துணை செய்வதற்குப் பதிலாக, அதை வெளியே கவிழ்க்கவே துணை செய்கிறது. 30 மீட்டர்த் திருப்பத்தில் இதனால் தகுந்த வேகம் 29-லிருந்து 22 கிலோமீட்டராக இறங்கிவிடும். ஒரே வளைவில் ஒரு திசையில் போகும் வண்டிகளே திரும்பத் திரும்பக் கவிழ்வதாக ஊரார் சொல்வதுண்டு. அதற்குப் பேய் பிசாசைத் தேடுவதைவிட, மழை பெய்த மறுநாள் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்ப்பது மேல்.

இனி, சறுக்குவதும் கவிழ்வதும் வேறு வேறு என்பதை அறிய வேண்டும். தாழ்ந்த, அகன்ற கார் வேகம் மிஞ்சினால் சறுக்கும், கவிழ்வது அபூர்வம். உயர்ந்த பாரவண்டி, டயர் சறுக்குவதற்கு முன்னமே கவிழ்ந்துவிடும். எது முதலில் நேரும் என்பது, இரண்டு சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதிக்கும், பாரமையத்தின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. பாரமையமாவது, வண்டியும் சுமையும் சேர்ந்த முழு எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாய்க் கொண்டால் அப்புள்ளி இருக்கும் இடம்.

கரும்பு டிரெய்லரை உதாரணமாய்க் கொள்ளலாம். சக்கர அகலம் 1.7 மீட்டர் என்றும், தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்திலுள்ள தளத்தின்மேல் கரும்புக் கட்டுகள் 3.5 மீட்டர் உயரம்வரை அடுக்கப்பட்டிருக்கின்றன என்றும் வைத்துக்கொண்டால், வண்டியும் கரும்பும் சேர்ந்த பாரமையம் தரைக்குமேல் ஏறக்குறைய 1.9 மீட்டரில் நிற்கும். 0.85-ஐ 1.9-ஆல் வகுத்தால் 0.45 வருகிறது. பக்கத்தள்ளல் எடையில் நூற்றுக்கு 45 பங்கைத் தொடும்போது உள்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும் என்பது இதன் பொருள். உண்மையில் அவ்வளவு தூரம் போவதில்லை. டயர் நசுங்கும், வில்லுப்பட்டை சாயும், மேற்கட்டுகள் ஓரம் சரியும். எல்லாம் சேர்ந்து 35, 40 பங்கிலேயே காரியம் முடிந்துவிடும். சாய்வில்லாத 30 மீட்டர்த் திருப்பத்தில் மணிக்கு 37 முதல் 39 கிலோமீட்டர் வேகத்தில் இந்நிலை வந்துவிடுகிறது. அதே டிரெய்லரில் கரும்பை 2.5 மீட்டர் உயரத்தோடு நிறுத்தினால் பாரமையம் ஒன்றரை மீட்டருக்கு இறங்கி, விகிதம் 0.57-ஆக உயர்கிறது. ஒரு நடை கூடுதலாய்ப் போவதற்கு ஆகும் டீசல் செலவையும் கூலியையும் இக்கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். எடை மிஞ்சினால் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில், 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, 20,000 ரூபாயும் மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஆனால் கரும்பு விஷயத்தில் எடையைவிட உயரமே பெரிய எதிரி. தளத்தோடு தங்கிவிடும் சுண்ணாம்புக்கல் அதே எடையில் இத்தனை உயரம் போவதில்லை.

சாலை விதிகளிலுள்ள பிடிப்பின் எல்லை எங்கிருந்து வந்தது என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1930-ஐ அடுத்த வருஷங்களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கார்களை வளைவுகளில் ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்தில் உள்ளிருப்பவர்களுக்குப் பக்கத்தள்ளல் அசௌகரியமாய்த் தோன்றத் தொடங்குகிறது என்று குறித்தார்கள். ஜோசப் பார்னெட் என்னும் பொறியாளர் 1936-ல் இம்முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். காரில் இருப்பவருக்கு உறுத்தும் அளவு, கார் சறுக்கும் அளவுக்கு வெகு கீழே இருக்கிறது; ஆகவே காருக்குப் பெரிய பாதுகாப்பு மிச்சம் கிடைத்தது. உயரமாய் ஏற்றிய பாரவண்டிக்கு அம்மிச்சம் சிறிது. மேலும் உடம்பில் தோன்றும் உறுத்தல், முன்னே டிராக்டர் இருக்கையில் அமர்ந்திருப்பவரை எச்சரிக்குமே ஒழிய, பின்னே டிரெய்லரின் உள்சக்கரம் கிளம்புவதை அவருக்குச் சொல்லாது.

வளைவின் நடுவில் பிரேக் போடுவதால் விளையும் தீங்கும் இதைச் சேர்ந்ததே. டயரின் பிடிப்பு ஒரு குறித்த அளவுள்ள முதல். அதையே திரும்புவதற்கும் நிற்பதற்கும் பங்கிட்டுச் செலவழிக்க வேண்டும். திரும்புவதில் பெரும்பகுதி செலவாகிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் முதல் போதாமல் சக்கரம் சறுக்கும். தனிப் பிரேக் இல்லாத டிரெய்லராயின், முன்னே டிராக்டர் வேகம் தணிய, பின்னேயுள்ள பாரம் அதை முட்டித் தள்ளி, இரண்டும் கத்தி மடங்குவதுபோல் மடங்கிவிடும். வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். எச்சரிக்கைப் பலகையை வளைவிலேயே நடாமல் முன்கூட்டி நடுவதும் இதற்காகவே.

நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போவதில்லை. உட்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். நெல் வண்டியை வீட்டு வாசலில் திருப்பும்போது உட்சக்கரம் திண்ணையில் உரசியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 6 மீட்டர் உள்ள லாரி, 30 மீட்டர் ஆரையில் 60 சென்டிமீட்டர் உட்புறம் வெட்டும். அதற்காகத்தான் முடுக்கு வளைவுகளில் சாலையை அகலப்படுத்துகிறார்கள். இருவழிச் சாலையில் 40 மீட்டர் ஆரைவரை 1.5 மீட்டரும், 41 முதல் 60 மீட்டர்வரை 1.2 மீட்டரும், 61 முதல் 100 மீட்டர்வரை 90 சென்டிமீட்டரும் கூட்ட வேண்டும் என்பது விதி. ஒற்றைச் சாலைக்கு 20 மீட்டர் ஆரைவரை 90 சென்டிமீட்டரும், அதற்கு மேல் 60 மீட்டர்வரை 60 சென்டிமீட்டரும் போதும். இவ்வகலம் இல்லாத இடத்தில் லாரியின் பின்சக்கரம் மண்ணோரத்தில் இறங்கி இறங்கிப் பள்ளம் பறிக்கும். வளைவின் உள்விளிம்பில் தார் உடைந்து குழி விழுந்திருந்தால், அச்சாலைக்கு அகலம் போதவில்லை என்று அதைக் கொண்டே அறியலாம்.

நேர்ச்சாலையிலிருந்து வட்ட வளைவுக்குள் சட்டென்று புகாமல், சிறிது சிறிதாய் முடுக்கேறும் ஓர் இடைவளைவு அமைப்பதும் உண்டு. ஓட்டுகிறவர் கைச்சக்கரத்தை ஒரே கணத்தில் திருப்பிவிடுவதில்லை. அவருடைய கை திரும்பும் நிதானத்துக்குச் சாலையும் திரும்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். கிராமச் சாலைகளில் இது அரிது.

குடியானவர்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது பார்வை. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, எதிரே தடையைக் கண்டு நிற்பதற்கு 45 மீட்டர் வேண்டும். இதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான தூரம், அதாவது 28 மீட்டர், கண்டதை உணர்ந்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே, விதியில் அதற்கென்று ஒதுக்கிய இரண்டரை வினாடியில், கழிந்துவிடுகிறது. ஒற்றைச் சாலையில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்தால் இருவரும் நிற்க வேண்டும். ஆகையால் 90 மீட்டர் தெரிய வேண்டும்.

நேர்ச்சாலையில் இது தானாகவே தெரியும். வளைவில் அப்படியன்று. ஓட்டுகிறவர் சாலை வழியாகப் பார்ப்பதில்லை. உட்புறத்து நிலத்தின் குறுக்கே பார்க்கிறார். 60 மீட்டர் ஆரையுள்ள வளைவில், 45 மீட்டர் தெரிய வேண்டுமானால், சாலையின் நடுக்கோட்டிலிருந்து உட்புறம் 4 மீட்டருக்குச் சற்று மேல் மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். 90 மீட்டர் தெரிய வேண்டுமானால் 16 மீட்டர். முதல் அளவு பெரும்பாலும் சாலைப் புறம்போக்கிலேயே அடங்கும். இரண்டாவது அளவு பட்டா நிலத்துக்குள் நன்றாய்ப் புகுந்துவிடும். நிலத்துக்குத் தொல்லை வருவது இங்கேதான்.

விதியில் ஓட்டுகிறவரின் கண் தரைக்குமேல் 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்கிறார்கள். மக்காச்சோளம் கதிர் விடும் காலத்தில் இரண்டு மீட்டர் நிற்கும். கரும்பு அதற்கும் மேல். ஆடி, ஆவணியில் விதைக்கும்போது திறந்து கிடந்த வளைவு, ஐப்பசி, கார்த்திகையில் சுவர் எழுப்பியதுபோல் மூடிவிடுகிறது. தினந்தோறும் போகிறவர்கூட, இரண்டு மாதத்துக்கு முன் தெரிந்த வழி இப்போது தெரியவில்லை என்பதை உணர்வதில்லை. அவருடைய கையும் காலும் பழைய வேகத்தையே பழகியிருக்கின்றன. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வரும் வெளியூர் லாரிக்கு நிலைமை இன்னும் மோசம். நான்குவழிச் சாலையில் வெகுநேரம் வேகமாய் வந்தவருக்கு 50 கிலோமீட்டர் என்பது ஊர்ந்து போவதுபோலத் தோன்றும். கிளைச்சாலையின் முதல் திருப்பத்தில் அவர் தம் வேகத்தைக் குறைத்தே மதிப்பார்.

இதற்காக நிலத்தைத் தரிசாய்ப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மறைக்காத பயிர் வைத்தால் போதும். நிலக்கடலையும் உளுந்தும் சின்ன வெங்காயமும் கண்ணை மறைப்பதில்லை. மூன்றும் இப்பக்கத்துக்குப் பழகிய பயிர்களே. 60 மீட்டர் ஆரையில் 90 மீட்டர் நீளமுள்ள வளைவுக்கு, 90 மீட்டர்ப் பார்வை கிடைக்க, பட்டா நிலத்தில் வில்லின் வடிவாக 15 முதல் 20 சென்ட் பரப்பு தாழ்ந்த பயிராயிருந்தால் தகும். வளைவு நீண்டதானால் இப்பரப்பும் கூடும். ஒரே வயலில் இருவகைப் பயிர் வைப்பதில் உழவுக்கும் மருந்து தெளிப்பதற்கும் சற்றுச் சங்கடம் உண்டு என்பதை மறுக்க முடியாது. அச்சங்கடத்தை ஏற்க இயலாதவர்கள் வரப்போரத்தில் ஆமணக்கோ அகத்தியோ வேலிக்கருவையோ மண்டவிடாமலேனும் பார்த்துக்கொள்ளலாம். வேலிக்கருவை புறம்போக்கில் முளைத்ததாயிருந்தால் அதை அகற்றுவது சாலையை உடைய இலாகாவின் கடமை.

அறுவடைக் காலத்தில் வேறொரு வழக்கம் அபாயத்தைக் கூட்டுகிறது. உலர்களம் போதாத ஊர்களில் மக்காச்சோளத்தையும் கம்பையும் வரகையும் தார்ச்சாலையில் பரப்பி உலர்த்துகிறார்கள். சூடான தாரில் தானியம் சீக்கிரம் காயும் என்பது உண்மையே. ஆனால் டயருக்கும் தாருக்கும் இடையே உருளும் சோள மணிகள் பிடிப்பை அறவே கெடுத்துவிடும். மணிக்குக் காவலாக ஓரத்தில் வைக்கும் கருங்கற்கள் இரவில் இருசக்கர வண்டிக்காரரின் உயிருக்கு உலை வைக்கும். நேர்ச்சாலையிலேயே இது தகாது. வளைவில் செய்வது மிகவும் கொடியது. கரிசல் நிலத்திலிருந்து மழைக்குப் பின் ஏறிவரும் டிராக்டர், தன் சக்கரத்தில் ஒட்டிய களியைச் சாலையில் உதிர்த்துக்கொண்டே போகிறது. அக்களியும், கல் லாரிகள் சிந்தும் சுண்ணாம்புத் தூளும், முதல் தூறலில் எண்ணெய்போல் வழுக்கும். வயலுக்குள் இறங்கும் வழியை வளைவுக்குள் வைக்காமல், நேர்ச்சாலைப் பகுதிக்கு மாற்றிக்கொள்வது பல இடங்களில் சுலபமாய் முடியக்கூடியதே.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சி நிர்வாகத்தாரும் தங்கள் எல்லைக்குட்பட்ட திருப்பங்களை அளந்து வைத்துக்கொள்ளலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. 20 மீட்டர் நீளமுள்ள ஒரு கயிறும் ஓர் அளவு நாடாவும் போதும். போக்குவரத்துக் குறைந்த வேளையில், இரு பக்கமும் ஆள் நிறுத்திவிட்டு, வளைவின் உட்புறத்துத் தார் விளிம்பில் கயிற்றின் இரு முனைகளையும் விறைப்பாய்ப் பிடிக்க வேண்டும். கயிறு விளிம்பைவிட்டு விலகி, உட்புறத்து மண்ணோரத்தின்மேல் நேராய் நிற்கும். கயிற்றின் நடுவிலிருந்து தார் விளிம்புக்குள்ள இடைவெளியை மீட்டரில் அளந்து, 50-ஐ அதனால் வகுத்தால் ஆரை கிடைக்கும். இடைவெளி 1 மீட்டரானால் ஆரை 50 மீட்டர். 1 மீட்டர் 70 சென்டிமீட்டரானால் ஏறக்குறைய 30 மீட்டர். 85 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி எதுவானாலும், அவ்வளைவு 40 கிலோமீட்டர் வேகத்துக்குத் தகாது என்று கொள்ளலாம். ஏரிக்கரைகளில் ஓரத்து மண் குறுகலாயிருந்தால் கயிற்றைப் பாதியாக்கி 10 மீட்டரில் அளந்து, 50-க்குப் பதிலாக 12.5-ஐ வகுத்தாலும் சரியே.

அளந்தபின் செய்ய வேண்டியது எல்லா வளைவுக்கும் ஒன்றன்று. ஆரையைப் பெருக்குவதற்கு நிலம் எடுக்க வேண்டும். மாநிலச் சாலைகளுக்கு 2001-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி அதற்கு முறையும் நஷ்டஈடும் உண்டு. ஆனால் அது வருஷக்கணக்கில் இழுக்கும் வேலை. ஏரிக்கரையில் அதற்கு இடமும் இருக்காது. நிலம் எடுக்காமலே முதுகை எடுத்துவிட்டுச் சாய்வைத் திருத்துவதும், உள்விளிம்பை அகலப்படுத்துவதும், பார்வையைத் திறப்பதும், வளைவுக்கு முன்னே தகுந்த வேகத்தைக் காட்டும் பலகையும் வெளிவிளிம்பில் ஒளிதிருப்பும் குறிகளும் நடுவதும் அடுத்த தார் வேலையோடு சேர்ந்து முடியக்கூடியவை. சாலையின்மேல் புதிதாய்த் தார் போடப் போகிறார்கள் என்று தெரிந்தவுடனே கேட்டால்தான் சாய்வைத் திருத்த முடியும். போட்டு முடிந்தபின் கேட்பது வீண்.

விண்ணப்பம் எழுதும்போது அச்சாலை ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியதா, மாநில நெடுஞ்சாலை இலாகாவுக்கு உரியதா, தேசிய நெடுஞ்சாலையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இடம் மாறிப் போன விண்ணப்பங்களே அதிகம் தேங்குகின்றன. அதில் சர்வே எண், அளந்த ஆரை, தண்ணீர் வடியும் பக்கம், உள்விளிம்பில் குழி உண்டா என்பது, எந்தத் திசையில் போன வண்டிகள் எந்த மாதத்தில் கவிழ்ந்தன என்பது ஆகியவற்றைக் குறித்து, அதன் நகல் ஒன்றைக் கலெக்டரின் தலைமையிலுள்ள ஜில்லாச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அனுப்பலாம். கரும்பு வெட்டு உத்தரவு வருவதற்கு முன்பே ஆலைக்குப் போகும் வழியிலுள்ள வளைவுகளை அளந்துவிட்டால், எந்த வழியில் எத்தனை உயரம் ஏற்றலாம் என்பதை டிரெய்லர்க்காரர்களோடு பேசி முடிவு செய்யவும் அவகாசம் இருக்கும்.